அண்ணன் ஆட்டிய பருத்திப்பால்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலருக்கும் அவரைக் கம்பும் உளுந்தும் பருத்தியும் விதைத்த சம்சாரியாகத்தான் தெரியும். எனக்கு அவர் தாய் இடத்தில் நின்று பிரசவம் பார்த்தவர். சிரிக்க வேண்டாம், விவரமாகவே சொல்கிறேன்.

அண்ணன் பிறந்ததும் வளர்ந்ததும் எப்போதும்வென்றான் கிராமத்தில். அம்மா தவறியபோது நான் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு, நாங்கள் ஐயா என்று கூப்பிடும் அப்பாவோடு காட்டு வேலைக்குப் போனார். அடுப்படியும் அவர் பொறுப்பாயிற்று. ஆரம்பத்தில் அவர் வைத்த குழம்பை இன்னதென்று யாராலும் சொல்ல முடியாது. நான் முகத்தைச் சுளித்தால், தட்டைப் பார்க்காமல் சாப்பிடச் சொல்வார். காலப்போக்கில் கைப்பக்குவம் வந்துவிட்டது.

எழுபதுகளின் பின்பாதியில் என்னைக் குளத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். நான் உண்டானதும் ஒரு சிக்கல் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதான் நம் வழக்கம். தாயே இல்லாத வீட்டுக்கு எந்த நம்பிக்கையில் அனுப்புவது என்று என் மாமியார் தயங்கினார். அவர் கெட்டவர் அல்லர், கண்டிப்பானவர். வளைகாப்பு அன்று, எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்.

"பொம்பளை இல்லாத வீட்ல யாரு பத்தியம் பாப்பா?"

"நான் பாக்கேன், அத்தை" என்றார் அண்ணன்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா இல்லை என்பதால் எனக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஆகிவிடுமோ என்று உள்ளுக்குள் பதறினேன். அண்ணன் விடாமல் பேசினார். ஒரு குறை தென்பட்டாலும் அடுத்த பஸ்ஸில் தாயையும் பிள்ளையையும் கூட்டிப் போய்விடுவேன் என்ற நிபந்தனையோடு மாமியார் அனுப்பிவைத்தார்.

அதன்பிறகு அண்ணன் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். காட்டில் பருத்தி எடுக்க வந்த பெண்களிடம், பிள்ளை உண்டானவளுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்பாராம். ஆளுக்கொன்று சொன்னார்கள், இவர் எல்லாவற்றையும் செய்தார். காலையில் முளைகட்டிய பாசிப்பயறு வரும். மறுநாள் தோல் நீக்காத தொலி உளுந்தில் கிண்டிய களி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டியோடு வரும். எனக்கோ எள்ளுருண்டை மேல்தான் ஆசை. எள் சூடு, பிள்ளை பிறக்கும்வரை தொடக்கூடாது என்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். அண்ணன் கோவில்பட்டிக்குப் போய் எள்ளுருண்டை வாங்கி வந்து, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறந்த பிறகு தின்னலாமாம். வாசனை மட்டும் வீடெல்லாம் அடித்தது. அந்தக் கோபம் எனக்கு இன்றும் முழுதாகத் தீரவில்லை.

எங்கள் ஊர் நர்சம்மா வீட்டுக்கே வந்து பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் எனக்குப் பால் போதவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டே இருந்தது. சேதி கேட்டு மாமியார் பால்பவுடர் டின்னோடு வந்து இறங்கினார். அழுகையைக் கேட்டவர், மறுநாள் எங்களைக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டார். ஒரு நாள் மட்டும் பொறுக்கச் சொல்லி அண்ணன் கெஞ்சினார். மாட்டுக்கென்று வாங்கிய மூட்டையின் அடியில் மிச்சமிருந்த பருத்திக்கொட்டையைக் கழுவி, ஒரு பானையில் ஊறப்போட்டார். தாய்ப்பால் ஊறுவதற்காகக் காலையில் எனக்குப் பருத்திப்பால் காய்ச்சித் தருவதாகத் திட்டம்.

விடியும் முன்பே எழுவது ஐயாவின் பழக்கம். பானையில் ஊறிக் கிடந்த கொட்டையைப் பார்த்தார். வழக்கம்போல ஆட்டுரலில் இட்டு ஆட்டி, தண்ணீரில் கலந்து காளைகளுக்கு வைத்துவிட்டார். அண்ணன் எழுந்து வந்தபோது காளைகள் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன.

"நீ மாட்டுக்குத்தான் ஊறப்போட்டிருக்கேன்னு நெனைச்சேம்ல" என்றார் ஐயா, பரிதாபமாக.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி விடுங்கய்யா. இன்னைக்கு நம்ம காளை ரெண்டும் பால் குடுக்கும்."

வாசலில் நின்ற என் மாமியார் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு எதிர்வீட்டார் வந்தார்கள். விஷயம் தெரிந்ததும், தங்கள் மாட்டுக்கு ஊறப்போட்டிருந்த கொட்டையைப் பானையோடு தூக்கிக் கொடுத்தார்கள். எங்கள் காளைகள் என் பங்கைக் குடித்தன, அவர்கள் காளைகளின் பங்கை நான் குடித்தேன்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆட்டினார். துணியில் பிழிந்து, அரிசிமாவு கரைத்து, அடிபிடிக்காமல் கிண்டி, கருப்பட்டியும் சுக்கும் போட்டு இறக்கினார். மாமியார் முதல் டம்ளரை வாங்கிச் சோதித்தார். குறை எதுவும் சொல்லவில்லை. இன்னொரு டம்ளர் கேட்டார். அன்று கிளம்ப வேண்டியவர் ஒரு வாரம் தங்கினார். அதற்குள் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கப் பழகியது. பால்பவுடர் டின் திறக்கப்படவே இல்லை.

அண்ணன் கடைசி நாட்களிலும் இப்படித்தான் இருந்தார். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், ஊசி போட வரும் நர்சுகளிடம், சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பார். அவரைப் பரிவோடு கவனித்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், இரவும் பகலும் மாறி மாறித் துணையிருந்த ஊர்க்காரர்களுக்கும், அன்றைக்குப் பானையைத் தூக்கி வந்த எதிர்வீட்டாரின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

என் மாமியாரும் இன்று இல்லை. ஆனாலும் அவருக்குத்தான் பெரிய நன்றி சொல்ல வேண்டும். பிள்ளையோடு என்னைக் குளத்தூருக்கு அழைத்துப்போக வந்த அன்று, அவர் வாசற்படியில் நின்று ஐயாவிடம் சொன்னார்:

"எம்மகளை உங்க மகனுக்குத் தாரேன். அவ தலைப்பிரசவத்துக்கு நான் கூட்டிட்டுப் போகமாட்டேன். இங்கனயே இருக்கட்டும்."

அப்படித்தான் அவர் மகள் எனக்கு மதினியாக வந்தார். சொன்ன சொல் மாறாமல், மதினியின் தலைப்பிரசவமும் அண்ணன் கைப்பக்குவத்தில்தான் நடந்தது.