இருபதுக்குப் பத்து

குழந்தைகள் வார்டில் அவள் பேர் யாருக்கும் தெரியாது. "மார்க்கு அக்கா" என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கை காட்டுவார். வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகளின் மலத்தைக் கட்டைவிரல் அளவு டப்பாவில் எடுத்து, எண் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது அவள் வேலை. வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸில் பல வகை உண்டு. எந்த வகை குழந்தையை அதிகம் படுத்துகிறது என்று பார்க்க ஓர் ஆய்வு. அதற்காக ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள்: எத்தனை நாள் போனது, ஒரு நாளில் எத்தனை தடவை, எத்தனை வாந்தி, காய்ச்சல் எவ்வளவு, உடம்பு எவ்வளவு வற்றியது, என்ன சிகிச்சை. எல்லாவற்றுக்கும் மார்க்கு. மொத்தம் இருபது. பதினொன்றைத் தொட்டால் 'கடுமை'.

தாய்மார்களுக்கு இது ஒரு வேடிக்கை. "எம் பிள்ளைக்கு எவ்வளவுக்கா?"

"பதினாலு."

"அடேங்கப்பா. இவங்க அப்பன் படிக்கிற காலத்துல இவ்வளவு எடுத்ததே இல்ல."

பக்கத்துக் கட்டில் சிரிக்கும். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை திரும்பிப் பார்க்கும். மூன்றாம் நாள் அது விரலைச் சப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். ஏழு வருடத்தில் ஆயிரம் தாளுக்கு மேல் நிரப்பியிருப்பாள். பேப்பரும் பேனாவும் இல்லாமலே மனதுக்குள் கூட்டிவிடுவாள். எந்தத் தாய் குறைத்துச் சொல்கிறாள், எவள் கூட்டிச் சொல்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். தலைமை நர்ஸே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பார்.

அன்று காலை வார்டில் மூச்சு விட நேரமில்லை. ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தை. பதினொரு டப்பாவுக்கு எண் ஒட்டியாக வேண்டும், வண்டி கீழே வந்து நிற்கிறது. அப்போதுதான் தங்கை போன் செய்தாள். அவள் மகளுக்குப் பத்து மாதம்.

"அக்கா, விடிஞ்சதுலேர்ந்து பாப்பாவுக்குத் தண்ணியாப் போகுதுக்கா."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். "எத்தனை தடவை?"

"ஏழு. வாந்தி அஞ்சு."

"காய்ச்சல்?"

"இல்ல. உடம்பு சில்லுனுதான் இருக்கு."

"கண்ணு உள்ள போயிருக்கா?"

"கொஞ்சம் அப்படித்தான் தெரியுது. கூட்டிட்டு வந்துடவா?"

கை எண் ஒட்டிக்கொண்டே இருந்தது, மனம் கூட்டிக்கொண்டே போனது. போக்கு ஒரு நாள், அதற்கு ஒன்று. ஏழு தடவைக்கு மூன்று. வாந்தி ஒரு நாள், ஒன்று. ஐந்து வாந்திக்கு மூன்று. உடம்பு வற்றியதற்கு இரண்டு. காய்ச்சல் இல்லை. சிகிச்சை இன்னும் இல்லை.

"பத்துதான்டி வருது. பதினொன்னு வந்தாத்தான் பயப்படணும். இங்க ஒரே கூட்டம், இல்லாத நோயும் ஒட்டிக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக் கொடு. சாயங்காலம் நானே வந்து பாக்குறேன்."

"நீ சொன்னா சரிக்கா."

மாலை அவள் போனபோது குழந்தை அழவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். வார்டில் மூன்று பேர் மாறி மாறி ஊசி குத்தியும் நரம்பு அகப்படவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, குழந்தை போய்விட்டது.

சேர்த்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் தாள் உண்டு, டப்பா உண்டு. மறுவாரம் அந்தத் தாளை அவளேதான் நிரப்பினாள். வற்றியதற்கு மூன்று. மருத்துவமனையில் சேர்த்ததற்கு இரண்டு. மொத்தம் பதின்மூன்று, கடுமை. பேனா அங்கேயே நின்றது. தூக்கிக்கொண்டு வந்தால்தானே அந்த இரண்டு மார்க்கு? நோய் நாள்கணக்கில் நீடித்தால்தானே நாளுக்கான மார்க்கு ஏறும்? முடிந்துபோன நோயை அளக்கிற தாள் அது. நடந்துகொண்டிருக்கும் நோய் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. ஏழு வருடமாக நிரப்பியவளுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

தங்கை வீட்டுக்காரர்தான் எல்லாரையும் தேற்றினார். "இது ஏதோ பொல்லாத கிருமி. இல்லன்னா ஒரே பகல்ல இப்படி ஆகுமா?" தங்கை அதைப் பிடித்துக்கொண்டாள். அக்காவும் பிடித்துக்கொண்டாள். எந்த வகை என்று ஆய்வுக்கூடம் சொல்லும்வரை அது பொய்யில்லையே.

எட்டு மாதம் கழித்து முடிவுகள் வந்தன. புதிதாக மாற்றலாகி வந்த மருத்துவரிடம் ஓர் எண்ணைச் சொல்லி, அது என்ன வகை என்று கேட்டாள். தாளில் பேர் கிடையாது, எண் மட்டும்தான்.

அவர் விரலை ஓட்டிப் பார்த்தார். "இங்க பாதிப் பிள்ளைங்களுக்கு வந்த அதே வகைதாம்மா."

"தப்பா இருக்குமோ சார்? இன்னொரு தடவை பாக்கச் சொல்லலாமா?"

"ரெண்டு தடவை பாத்துட்டாங்க. நம்ம தாள்கள்ல வகைக்கும் கடுமைக்கும் பெருசா சம்பந்தமே தெரியல. மத்த பிள்ளைங்க பொழைச்சு வீட்டுக்குப் போயிருக்கு. இதை லேட்டாக் கொண்டு வந்திருக்காங்க, அவ்வளவுதான்." தாளைத் திருப்பினார். "ஏம்மா, உங்களுக்குத் தெரிஞ்ச குழந்தையா?"

"வார்டுல பாத்தது சார்."

தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கேட்டாள். "முடிவு வந்திருச்சாமே. என்ன வகையாம்?"

வழியெல்லாம் யோசித்து வைத்த பொய் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. வாயில் வாங்கவே முடியாத ஒரு பேரைச் சொன்னால் போதும், தங்கை நம்புவாள். இவள் சொன்னால் எதையும் நம்புவாள். அதனாலேயே சொல்ல முடியவில்லை.

"சாதாரண வகைதான்டி. எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்றது."

தங்கை ஒரு துண்டை நீவினாள். "அப்ப காலையிலேயே கூட்டிட்டு வந்திருந்தா?"

"பொழைச்சிருப்பா."

தங்கை அந்தத் துண்டை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு தடவை செருப்ப மாட்டினேன்க்கா. நீ சொன்னியேன்னு ரெண்டு தடவையும் கழட்டினேன்."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று வார்டில் சமாதானம் சொன்னார்கள். சறுக்கின ஆனை எழுந்து நடந்துவிடும். அடியில் கிடந்ததைப் பற்றி அந்தப் பழமொழி ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டு வருடமாகிறது. தங்கையிடமிருந்து போன் இல்லை. இரண்டாவதும் பெண்தான் என்பது வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்தது. போன வாரம் தங்கை வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"சின்னவளுக்கு வயித்தால போச்சு அண்ணி. இப்ப நல்லாயிருக்கா, வீட்டுக்கு வந்துட்டோம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவ சொன்னா. எனக்குத்தான் மனசு கேக்கல."

"எந்த ஆஸ்பத்திரி?"

"வேற. ரொம்ப தூரம். முதல் தடவை போனதுமே தூக்கிட்டு ஓடிட்டா. எத்தனைன்னு எண்ணவே இல்ல."

"நல்ல காரியம் பண்ணினா" என்றாள். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். மறுமுனையில் 'யாரு?' என்று தங்கை கேட்கும் குரல் வந்தது. அவர் அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.