சுகிர்தத்தின் பழைய படம்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பரா சுகிர்தத்துடையது. வயது நாற்பத்தொன்பது. கொழுந்து எடுப்பதில் அவள் கையை முந்த ஆள் இல்லை. போன வருடம் வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்தாள். கணையத்தில் ஒரு நீர்க்கட்டி இருக்கிறது, ஆறு மாதத்தில் இந்தப் படத்தோடு திரும்பி வாருங்கள் என்றார்கள். வெறும் நீர்தானே, கர்த்தர் காப்பாற்றிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நன்றிக்கு அந்தப் படத்தையும் ரிப்போர்ட்டையும் மடித்து, அந்தோனியார் கோயிலில் வேண்டுதல் சீட்டுப் போடும் மன்றாட்டுப் பெட்டியில் போட்டுவிட்டாள். கோயிலைக் கூட்டிப் பார்த்துக்கொள்வது நான் என்பதால் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. திருநாளுக்கு முந்தின நாள், உள்ளே இருப்பதை யாரும் படிக்காமல் எரிப்பது எங்கள் வழக்கம். நான்தான் எரித்தேன். ஒரு படம் சுருண்டு கறுத்தது. யாருடையதோ என்று ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொன்னேன்.

இந்த மாதம் வலி முதுகுக்கும் ஏறியது. நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் தமிழிலேயே பேசினார்.

"கட்டி இப்ப மூணரை சென்டிமீட்டர். பழைய படம் எங்கம்மா?"

"அந்தோனியார்கிட்ட குடுத்துட்டேங்க."

"அவர் எந்த வார்ட் டாக்டர்?"

"கோயில் பெட்டியில போட்டதுங்க. நான் எரிச்சிட்டேன்," என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"வளராத கட்டின்னா சும்மா பாத்துக்கிட்டு இருக்கலாம். வேகமா வளந்திருந்தா புற்றுநோயா இருக்கலாம். முந்தி எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாம நான் என்னத்தச் சொல்றது?"

முதல் ஸ்கேன் எடுத்த இடத்தைத் தேடிப் போனோம். அங்கே இப்போது கைபேசி விற்கிறார்கள்.

பஸ்ஸில் சுகிர்தம் சொன்னாள்: "நீங்களாச்சும் பிரிச்சுப் பாத்திருக்கலாங்க்கா."

"பாக்கக் கூடாதுடி."

"அடுத்த காம்பராச் சண்டைய மட்டும் எட்டி எட்டிப் பாப்பீங்க."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாய் வழியாகக் குழாய் விட்டு, ஊசியால் அந்த நீரை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். கொழும்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை போகிறோம். அது நல்ல நீராக இருக்கவேண்டும் மாதாவே என்று முழங்காலில் நிற்கிறேன். எரித்த கையிலேயே ஜெபமாலையை உருட்டுகிறேன்.

இன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன், சேலை நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டினாள். எப்போதும் கயிறு இரண்டு சுற்றுத்தான் வரும். இன்று மூன்று சுற்றி முடிச்சுப் போட்டாள். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"கயிறு இழுபட்டுப் போச்சுங்க்கா."

"ஆமா," என்றேன்.