மூன்றாவது நூறு

நூறு எண்ணியதும் கையிலிருக்கும் கருவி 'டிங்' என்று மணியடிக்கும்; அக்கா நிறுத்திவிடுவார். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, வெள்ளை அணுக்களில் எந்த வகை எத்தனை என்று ஒப்பிப்பார்; பக்கத்து மேசையில் நான் தட்டச்சு செய்வேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'நூறக்கா'.

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம், இன்னொரு துண்டின் விளிம்பால் ஒரே இழுப்பு. மெல்லிசாகப் படிய வேண்டும். தடித்துவிட்டால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ரத்தம் இழுக்கிறியா, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறியா?"

ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் ஓடிவந்து அடைக்கும் தட்டணுக்களுக்கு அவர் வைத்த பெயர் கொத்தனார். "கொத்தனாருங்க வேலைக்கு வந்துட்டாங்க" என்றால் யாரோ ஒரு காய்ச்சல்காரர் பிழைத்துக்கொண்டார் என்று அர்த்தம். ஆனால் இதெல்லாம் அறைக்குள்ளேதான். முடிவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வெளியே காத்திருப்பவர்கள் முகத்தைப் படித்துவிடுவார்களே என்று நல்ல ரத்தத்துக்கும் கெட்ட ரத்தத்துக்கும் ஒரே கடுகடுப்பு வைத்திருக்கிறார்.

இன்று காலை அவருடைய தம்பி வந்தார். ஒரு மாதமாக அசதி, பல் தேய்த்தால் ரத்தம். அக்காவே விரலைக் குத்தி எடுத்தார்.

மணியடித்தது. நான் காத்திருந்தேன். அவர் ஒப்பிக்கவில்லை, துண்டை நகர்த்தி மறுபடி எண்ணினார். இரண்டாவது மணி. வேறு மூலையில் தேடி, மூன்றாவது மணி.

"எல்லாம் பிஞ்சுடி," என்றார். "முத்தினது ஒண்ணுரெண்டு தேறினாலே பெருசு. கொத்தனார் ஒருத்தனையும் காணோம்."

முற்றாத வெள்ளை அணுக்கள் இப்படி மண்டினால் என்ன பெயர் என்பது எனக்கும் தெரியும். ரத்தப் புற்று. வேறு யாராவது என்றால் ஆறுதலாக ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன். அக்காவிடம் எதைச் சொல்ல?

"இந்த எழவெடுத்த வேலையக் கத்துக்காமலே இருந்திருக்கலாம்," என்று எழுந்தார்.

வெளியே பெஞ்சில் தம்பி விரலை நீட்டிக் காட்டினார். பஞ்சு முழுக்கச் சிவந்திருந்தது. "இன்னும் நிக்கலக்கா. என்ன, நூறு போட்டியா?"

அக்கா கடுகடுப்பை வரவழைத்துக்கொண்டார். "டாக்டர் சொல்லுவாரு."

புதுப் பஞ்சை வைத்து அமுக்கினார். ரெண்டு நிமிஷத்தில் நின்றுவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போயிற்று.

"விடுக்கா, வலிக்குது. விரலக் கழட்டி வச்சுக்கப் போறியா?"

அக்கா இன்னொரு கையையும் கொடுத்து அமுக்கினார்.