பால்வாடி வாசலில் நான் போட்ட கூச்சல்

எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். தொழிற்பிரிவு. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர எங்களைத் தயார் செய்யும் படிப்பு. வாரத்தில் இரண்டு நாள் பக்கத்துத் தெரு பால்வாடிக்குப் பயிற்சிக்குப் போவேன். பிள்ளைகள் என்னையும் "டீச்சர்" என்று கூப்பிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் ஊரில் பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுவதாக ஒரே பேச்சு. வன்னியம்பட்டியில் ஒரு பிள்ளையைக் காணோம் என்றார்கள். வன்னியம்பட்டிக்காரர்களோ, இங்கே இல்லை, பிளவக்கல் பக்கம் என்றார்கள். யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்று பால்வாடி டீச்சர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். ஆயா எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனார். இருபது பிள்ளைகளோடு நான் மட்டும். அப்போதுதான் அந்த ஆள் மூச்சு வாங்க ஓடி வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். சட்டையில் ஏதோ கறை.

"தங்கச்சி, அந்தப் பாப்பாவ அனுப்பும்மா. எங்க அண்ணன் மக. அண்ணனுக்கு மில்லுல கையில அடி. மதுரைக்குக் கொண்டு போறோம். கார் பஸ் ஸ்டாண்டுல நிக்கி. போகுமுன்ன பிள்ளையப் பாக்கணும்ங்காரு."

அவர் காட்டிய மூன்று வயதுப் பெண் குழந்தை ஓடிவந்து என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் கூப்பிட்ட பெயர் வேறு, பதிவேட்டில் இருந்த பெயர் வேறு.

"பிள்ளைக்கே உங்களைத் தெரியலையே?"

"நான் பம்பாயில இருந்து முந்தாநாள்தான் வந்தேன். செத்த நேரம்தாம்மா. வேணும்னா நீயும் கூட வா. இல்ல, ஒரு ஆள அனுப்பிக் கேட்டுக்கோ."

"நீயும் கூட வா" என்றதுமே என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அவர் வாசற்படியைத் தாண்டிக் குழந்தையின் கையைப் பிடித்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"பிள்ளை பிடிக்கிற திருடன்! ஓடி வாங்க!"

எதிர் டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் பாய்ந்து வந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் அடியே வாயில் விழுந்தது. "எங்க அண்ணன்... ராஜபாளையம் மில்லு..." என்று அவர் திணறினார். அந்த நேரம் பார்த்து ஆயா வந்து சேர்ந்தார்.

"ஏலே, விடுங்கலே! இந்தப் பிள்ளையோட அப்பன் ராஜபாளையத்து மில்லுலதான் வேல பாக்கான்!"

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயா அந்த ஆளோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். கார் போய்விட்டிருந்தது. ரத்தம் நிற்காததால் காத்திருக்க முடியவில்லையாம்.

குழந்தையின் அப்பா பிழைத்துக்கொண்டார். இரண்டு விரல்கள் போய்விட்டன. தம்பி கூப்பிட்டது குழந்தையின் வீட்டுப் பெயர் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. சில வாரங்கள் கழித்து, கையில் கட்டோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு பால்வாடிக்கு வந்தார். என் படிப்பு இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். அவரோ தம்பியை முன்னால் நிறுத்தி, "இவந்தாம்மா என் தம்பி. மொகத்த நல்லாப் பாத்துக்கிடு. தெரியாத ஆளு வந்தா நீ குடுக்கவே கூடாது," என்றார். எனக்கு உயிர் வந்தது.

தம்பியின் உதட்டில் தழும்பு தெரிந்தது. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார்.

"குடுக்க மாட்டேன்னது சரிதான், தங்கச்சி. திருடன்னு எதுக்குக் கத்துன?"

குரலில் கோபமே இல்லை. பதிலுக்காக உண்மையாகவே காத்து நின்றார்.

பயத்தில் கத்திவிட்டேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. திருடனைப் பிடித்த டீச்சர் என்று பேர் வாங்கும் ஆசையும் அந்தக் கூச்சலில் இருந்தது.

அந்தப் படிப்பை முடித்து, பல வருஷமாக மழலையர் வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறேன். தெரியாத முகத்திடம் இன்றும் பிள்ளையைக் கொடுப்பதில்லை. ஆனால் வந்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறேன். இவர் நிஜமாகவே ஒரு பிள்ளையின் சித்தப்பாவாக இருக்கலாம் என்ற நினைப்பும் சந்தேகத்தோடு சேர்ந்தே எனக்கு வந்துவிடுகிறது.