முரசுமோட்டையில் அன்டெனாவை இறக்கிய ஞாயிறு

கம்பியில்லா இணைய இணைப்பு வேலைக்கு வன்னிக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி, "கம்பம் எத்தனை அடி வேண்டும்?" என்பதுதான். உயர்த்த உயர்த்த வேகம் கூடும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கும் இருந்தது. அதனால் இந்தப் பயணத்தை எழுதி வைக்கிறேன்.

போனது 2005 கார்த்திகையில், மாரி மழை நன்றாகப் பிடித்திருந்த ஒரு வார இறுதி. கிளிநொச்சியில் செய்மதி இணைப்பு இருக்கிறது. அங்கிருந்து வயல்வெளிக்கு மேலாக ஏழு கிலோமீற்றர் தூரத்தில், முரசுமோட்டையில், யோகநாதன் அண்ணை ஒரு கணினி நிலையம் நடத்துகிறார். ஆவணியில் இரண்டு பக்கமும் அன்டெனா பூட்டி இணைத்துவிட்டு வந்தது நான்தான். அப்போது குதிரை மாதிரி ஓடியது. மழை தொடங்கியதும் படுத்துவிட்டது. அண்ணை மின்னஞ்சல் போட்டிருந்தார்: "தங்கச்சி, கடிதம் ஒருமாதிரிப் போகுது. குரல் இழுத்து இழுத்துக் கேக்குது. படம்தான் சரிவராது. பரமேஸ்வரி அக்கா ஞாயிறு ஞாயிறு வந்து அழுதுபோட்டுப் போறா. ஒருக்கா வாங்கோ."

ஞாயிறு காலை வவுனியாவில் ஆறரைக்கு பஸ் எடுத்தேன். ஓமந்தையில் இறங்கி, இராணுவம், இயக்கம் இரண்டு பக்கச் சோதனைகளையும் கடந்து, அடுத்த பஸ்ஸில் ஏறும்போது ஒன்பதே முக்கால். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மடிகணினியைக் கொண்டுபோனாலே அதைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து காட்டவேண்டும். கருவிகள் கொண்டுபோவதென்றால் முன்கூட்டியே அனுமதி எடுங்கள். நான் மடிகணினியும் நட்டுத் திருகுகிற இரண்டு சாவியும்தான் கொண்டுபோனேன். அந்தச் சாவிகளைப் பற்றியே கால் மணித்தியாலம் விளக்கம் கொடுத்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு, ஆனால் ஓமந்தையில் அது தானாக வந்துவிடும்.

பரந்தன் சந்தியில் இறங்கும்போது பன்னிரண்டு மணி. முரசுமோட்டைக்கு ஓட்டோ இருநூறு ரூபாய். ஓட்டோக்காரர் என் பையைப் பார்த்துவிட்டு, "இன்ரநெற் திருத்தவோ வந்தனீங்கள்?" என்றார். ஓம் என்றேன். "அப்ப நல்லாப் பாத்துத் திருத்துங்கோ. பரமேஸ்வரி அக்காவை ஏத்திக்கொண்டு போறதும் நான்தான். வரேக்க அவா ஒரு கதையும் கதைக்கமாட்டா" என்றார்.

பரமேஸ்வரி அக்கா ஏற்கெனவே வந்து நிலையத்துக் கதிரையில் இருந்தார். அவர் மகளோடு கதைக்கிற நேரம் மாலை ஆறு மணி. கனடாவில் அப்போது காலை ஏழு. மகள் சுகந்தி அங்கேதான் கலியாணம் முடித்துப் போயிருக்கிறாள், இப்போது பிள்ளைத்தாய்ச்சி. சுகந்திக்குப் பிறவியிலேயே காது கேளாது. தாயும் மகளும் கையால்தான் கதைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த சைகை இல்லை, இரண்டு பேரும் வீட்டிலேயே உண்டாக்கிக்கொண்டது.

"மருமோன் நல்லவர், பிள்ளை. கிழமைக்கு ஒருக்காப் போன் எடுப்பார். ஆனா எப்ப கேட்டாலும் 'சுகமா இருக்கிறா மாமி' எண்டுதான் சொல்லுறார். அவளின்ர கையைப் பாத்தாத்தானே எனக்குத் தெரியும்."

மற்றவர்களுக்குப் படம் உறைந்து நின்றாலும் குரல் வரும், சமாளிக்கலாம். இவர்களுக்குப் படம்தான் குரல். நாலு செக்கனுக்கு ஒரு படம் வந்தால், ஒரு படத்தில் கை நெற்றியில் நிற்கும், அடுத்ததில் மடியில் கிடக்கும். இடையில் சொன்னது முழுக்கப் போய்விடும். கிளிநொச்சிக்கு வருவது நூற்றிருபத்தெட்டு கிலோபிட். முரசுமோட்டையில் நான் அளந்தபோது கிடைத்தது பதினாலு. எனக்கே வெட்கமாக இருந்தது.

யோகண்ணை, அறுபதடிக் கம்பத்துக்கு மேலே பூட்டவென்று இன்னொரு இருபதடிக் குழாயும் வாங்கி வைத்திருந்தார். நானும் அந்த எண்ணத்தோடுதான் வந்திருந்தேன். ஏற்றுவதற்கு முன் திசையைச் சரிபார்ப்போம் என்று வாய்க்கால் வரம்பில் ஏறி நின்றேன். ஆவணியில் வெடித்துக் கிடந்த வயல் முழுக்க இப்போது தண்ணீர். தூரத்தில் பனை வரிசை. அதன் கீழே தண்ணீரில் அதே பனை வரிசை தலைகீழாக, ஒரு ஓலைகூடக் குறையாமல் நின்றது.

அட மடச்சி, என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பனையை இரண்டாகக் காட்டுகிற தண்ணீர் என் அலையை விட்டுவைக்குமா? கிளிநொச்சியிலிருந்து ஒரு அலை நேரே வருகிறது. இன்னொன்று தண்ணீரில் பட்டுத் தெறித்து, மயிரிழை பிந்தி வருகிறது. அன்டெனா இருக்கும் உயரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. காய்ந்த வயலில் அலை சிதறிப் போய்விட்டதால் அப்போது பிரச்சினை தெரியவில்லை. இதற்கு வழி, இரண்டும் ஒத்துப்போகிற இன்னொரு உயரத்தைத் தேடுவது. என் கணக்குக்கு அது இப்போதைய உயரத்தில் பாதியாக வந்தது.

"இறக்கிறதோ? தங்கச்சி, பகிடி விடுறீங்களோ?" என்றார் யோகண்ணை.

"இறக்கிப் பாப்பம் அண்ணை. சரிவராட்டி உங்கட குழாயைப் பூட்டுவம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டு ஏறினார். நான் கீழே மடிகணினியோடு. மழை விட்டு அடித்த வெயில் எனக்குப் படாமல் பரமேஸ்வரி அக்கா குடை பிடித்தார். ஐம்பதடியில் நாற்பது வந்தது. நாற்பதடியில் எண்பத்தைந்து. முப்பதடியில் நூற்றுப்பத்து. இருபதுக்கு இறக்கியபோது தென்னந்தலைகள் மறித்து வேகம் திரும்ப விழுந்தது. முப்பதிலேயே இறுக்கிவிட்டோம். மணி ஐந்து.

ஆறு மணிக்கு வெப்கம் படத்தைச் சிறிதாக்கினேன். சின்னப் படம் வேகமாக ஓடும். நிலையத்தில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே தங்கள் கணினிகளை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். சுகந்தி வந்தாள். இரண்டு கைகளும் ஓடின, நிற்காமல். அந்த அறையில் எந்த அழைப்பென்றாலும் றோட்டுவரை கேட்கும். இதில் ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான்.

நெடுநேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சுகந்தி ஒரு குழந்தையைக் கையில் ஏந்துவதுபோல் காட்டினாள். கண்ணிலிருந்து விரலைக் கீழே இழுத்தாள். தன் காதைத் தொட்டு, வெறும் கையை விரித்தாள். அது எனக்கும் விளங்கியது. பிள்ளை அழுதால் எனக்கு எப்படித் தெரியும்?

இதைத்தான் மருமகன் மழை தொடங்கியதிலிருந்து போனில் சொல்லவில்லை. அவருக்கே தெரியாதோ என்னவோ.

இரண்டு பக்கமும் அசைவு நின்றது. படம் உறைந்துவிட்டது என்று பயந்து அளவைப் பார்த்தேன். நூற்றெட்டு. இணைப்பில் ஒரு குறையும் இல்லை, அக்காதான் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு கன்னத்தைக் கையில் சாய்த்துப் படுப்பதுபோல் காட்டினார். உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்து, அது குலுங்குவதாகக் காட்டி, சட்டென்று கண்ணைத் திறந்தார். அங்கே சுகந்தி அதைத் திருப்பிச் செய்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

"என்னக்கா சொன்னனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"சின்னனில இவள் என்ர நெஞ்சில கையை வைச்சுக்கொண்டுதான் படுப்பாள். நான் இருமினாக்கூட எழும்பிப்போடுவாள். அதைத்தான் ஞாபகப்படுத்தினனான். பிள்ளையின்ர நெஞ்சில கையை வைச்சுக்கொண்டு படு, கை எழுப்பும் எண்டு."

போகிறவர்களுக்கு: தண்ணீர் நிற்கிற வயலுக்கு மேலாக இணைப்புப் போட்டால் முதலில் இறக்கிப் பாருங்கள், பிறகு குழாய் வாங்குங்கள். அளப்பதென்றால் மாரியிலும் ஒரு தடவை, கோடையிலும் ஒரு தடவை அளந்து பாருங்கள். திரும்புகிறவர்கள் ஓமந்தைச் சோதனைச்சாவடி மூடமுன் போய்ச்சேரவேண்டும், அதனால் வேலை பிந்தினால் ஊரிலேயே தங்குங்கள். சோறும் மீன்குழம்பும் யோகண்ணை வீட்டில் தருவார்கள், காசு வாங்கமாட்டார்கள்.

இன்னொன்று. ஞாயிறு மாலை ஆறிலிருந்து ஆறரை வரை முரசுமோட்டை நிலையத்தில் வேறு ஒருவருக்கும் இணைப்புக் கிடையாது. ஊரார் தாங்களாகவே பேசி வைத்த ஒழுங்கு அது. வேகம் ஏன் இல்லை என்று சண்டை பிடிக்காமல் வெளியே நில்லுங்கள். உள்ளே தாயும் மகளும் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.