கொல்லங்கோட்டில் மீன்கள் வாய் காட்டிய காலை

போன ஆடியில் எனக்கு மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. தூத்துக்குடியில், கடலடிச் சேற்றை அள்ளி வந்து அதில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்க்கும் படகில் வேலை எனக்கு. சேறே கண்ணில் படாத ஊராக இருக்கட்டும் என்றுதான் கொல்லங்கோட்டைத் தேர்ந்தெடுத்தேன். நன்றாக வாய்த்தது போங்கள்!

பாலக்காட்டில் மதியம் 2.20க்குப் பேருந்து. ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இறங்கித் தங்கும் வீட்டுக்கு ஆட்டோ, 120 ரூபாய். வீட்டுக்காரர் பழனிச்சாமி அண்ணனும் அவர் மனைவி கவிதா அக்காவும் தென்னந்தோப்புக்குப் பக்கத்தில், கைவிடப்பட்ட கல்குவாரிக் குழியில் மீன் வளர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வலை போடுவதாக இருந்தார்கள். மகளின் நர்சிங் படிப்பு அந்த மீனை நம்பித்தான்.

மறுநாள் காலை 6.10க்குக் குழிப் பக்கம் நடந்தேன். வானம் நாலைந்து நாளாக மூடியே கிடந்தது. தண்ணீர் மேலெல்லாம் மீன் வாய்கள், திறந்து திறந்து மூடின. அண்ணன் கூடையோடு நின்று புண்ணாக்கை வீசிக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா வெடியால நேரத்துல இப்பிடித்தான் வாய் காட்டுதுங்க அம்மிணி. பசியாட்ட இருக்குது. ரண்டு பங்காப் போடறனுங்க."

"ஐயோ, போடாதீங்கண்ணே!" என்று கத்திவிட்டேன்.

"ஏனுங்க, வாயத் தொறந்துட்டு வர்ற சீவனுக்குக் குடுக்காம இருக்கறதுங்களா?"

வாளியில் கல்லைக் கட்டி அடிவரை இறக்கித் தூக்கினேன். கருஞ்சேறு, அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம் எனக்குப் பழக்கம். கடலடியில் ஆக்சிஜன் குறைந்தால் நீந்தத் தெரிந்தவை முதலில் ஓடிவிடும். நண்டு வளையை விட்டு வெளியே வரும். மண்ணுக்குள் வாழும் புழுவும் சிப்பியும் தலையை நீட்டிப் பார்க்கும், போக்கிடம் இல்லாமல் அங்கேயே சாகும். அப்படிப்பட்ட இடத்தில் அள்ளிய சேற்றில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

குழியிலோ, வெயில் இல்லாததால் தண்ணீர்ப் பாசி ஆக்சிஜன் விடவில்லை; மீனுக்கு ஓடவும் இடமில்லை, காற்றுக்காக மேலே வந்து வாயைத் திறந்தது. தின்னாத புண்ணாக்கு அடியில் அழுகி, மிச்சமிருந்த ஆக்சிஜனையும் குடித்துக்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் அண்ணன் கூடையைக் கீழே வைத்தார். மோட்டாரைப் போட்டு, அடிச்சேறு கலங்காமல் காற்று மட்டும் கலக்கும்படி மேல்தண்ணீரையே எடுத்து மேலேயே பீய்ச்சி அடித்தோம்.

பதினோரு மணிக்குக் கட்லா மீனும் ரோகு மீனும் தெளிந்து உள்ளே போயின. அடிச்சேற்றில் மேயும் மிருகால் மட்டும் வயிற்றைக் காட்டி மிதந்தது, கூடை கூடையாக. அவ்வளவையும் தென்னைக்கடியில் புதைத்தார்கள். படிப்புக் காசு பாதிகூடத் தேறாது என்றார் அண்ணன். எனக்கு அழுகையாக வந்தது.

நீங்கள் போவதானால் ஆடி, ஆவணியில் போங்கள், குடை கட்டாயம். மூடிய வானத்துக் காலையில் மீன் மேலே வந்து வாய் திறந்தால், வேடிக்கைக்காகப் பொரி போடாதீர்கள். குளத்துக்காரரைக் கூப்பிடுங்கள். கல்குழி ஆழமானது, தனியாக இறங்காதீர்கள்.

அன்று மாலை 4 மணிப் பேருந்துக்கு நான் கிளம்பும்போது கவிதா அக்கா வாசல்வரை வந்தார். மெல்லச் சொன்னார்:

"மூச்சு முட்டுன புள்ளைக்குப் பசீன்னு நெனச்சு, நாலு நாளா சோத்தத் திணிச்சிருக்கமுங்க அம்மிணி."