உள்ளூர் என்றால் டென்வர்

மில்லார்ட் வொண்ட்ரா முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் கோல்டர் பள்ளியின் பஸ்ஸை ஓட்டியவர். நானும் அதில்தான் போனேன், என் இரண்டு பெண்களும் அதில்தான் போனார்கள். வாலிபால் ஆட்டம் எந்த ஊரில் நடந்தாலும் பெண்களைக் கொண்டுபோய் விட்டு, ஆடி முடித்ததும் கூட்டி வருவார். மேற்கு நெப்ராஸ்காவில் பக்கத்து ஊர் என்றாலே ஒரு மணி நேர ஓட்டம். பனி கொட்டும், மான் குறுக்கே பாயும், ஹீட்டரின் சூடு பின் இருக்கைவரை வந்து சேராது. அப்படியும் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழாமல் வீடு சேர்த்த மனிதர்.

இத்தனை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனவர் ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. டீசல் குளிரில் உறைந்தால் வண்டி நகராது. அதனால் பாதியிலேயே எழுந்து போய், இன்ஜினை ஓடவிட்டு, அதிலேயே உட்கார்ந்துவிடுவார். முதல் செட்டைப் பார்த்தால் கடைசி செட் கிடையாது. ஜெயித்தோமா தோற்றோமா என்பதை நாங்கள் ஆடிவிட்டு வந்து பஸ்ஸில் படியேறும்போது கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

பிறகு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வீட்டில் உட்கார்ந்தார். இது நடந்த 2009 நவம்பரில், எங்கள் பெண்கள் முதல் தடவையாக மாநில இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். ஆட்டம் லிங்கனில், மாநிலத்தின் அந்தக் கோடியில். ஊரே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. நானும் ஒருத்தியாக இருந்த ஆம்புலன்ஸ் தொண்டர்களில் இரண்டு பேர் ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்று சீட்டுக் குலுக்கியதில் என் பேரும் வந்து தொலைத்தது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

சரி, மில்லார்டோடு உட்கார்ந்து டிவியில் பார்க்கலாம் என்று ஒரு பானை சில்லியும், அதாவது கறியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பும், இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருளும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானமே போனேன். இவை இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதைப் பார்த்து வெளி மாநிலத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், எங்களுக்குப் பங்கு கூடும்.

உள்ளே நுழைந்தால் மில்லார்ட் போனில் கத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி இர்மா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் கேக்கறது உள்ளூர் சேனல். உள்ளூர்! ஆமா, நெப்ராஸ்கா. டென்வரா? டென்வர் வேற மாநிலம்மா. நான் வாழ்க்கையிலேயே ரெண்டு தடவைதான் அங்க போயிருக்கேன், ரெண்டு தடவையும் வழி தவறினேன்."

விஷயம் இதுதான். அந்த வசந்தத்தில் பெரிய எச்.டி. டிவி வாங்கி, கூரையில் சாட்டிலைட் தட்டு வைத்திருந்தார்கள். உள்ளூர் சேனல் வருமா என்று மில்லார்ட் அப்போதே போனில் கேட்டார். போனில் இருந்த பெண் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்டுவிட்டு, எல்லாமே எச்.டி.யில் வரும் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. யாரோ எங்கேயோ வரைந்த வரைபடத்தில் எங்கள் மாவட்டம் டென்வர் பக்கம் விழுந்திருக்கிறது. அவர்களுக்கு எங்கள் உள்ளூர் டென்வர். ஆட்டத்தைக் காட்டுவது நெப்ராஸ்கா சேனல், அது தட்டில் கிடையாது.

ஏழு மாதமாக இது அவருக்கு உறைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். படம் அத்தனை தெளிவு, செய்தி வாசிக்கிறவளின் காதுத் தோடுவரை தெரியும். மில்லார்ட் தினமும் காலையில் டென்வர் நெடுஞ்சாலை நெரிசல் செய்தியை ஒரு வரி விடாமல் பார்ப்பார். எங்கள் ஊரில் மூன்று வண்டி சேர்ந்து போனால் ஊர்வலம். ஆனால் டென்வரில் எந்தத் திருப்பத்தில் லாரி கவிழ்ந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

"பழைய ஆன்டெனாவைக் கழட்டாதீங்கன்னு நான் தலைபாடா அடிச்சிக்கிட்டேன்," என்றாள் இர்மா.

"நீ எங்கடி சொன்ன? தட்டு மாட்ட வந்தவனை ஏணியில இருந்தபடியே கொல்லைக்குத் தூக்கிப் போடச் சொல்லிட்டு, அதுல பீன்ஸ் கொடி ஏத்தினவ நீ!"

"சும்மா கிடந்ததுன்னு ஏத்தினேன். காய் நல்லாத்தானே வந்துது, ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னீங்கல்ல?"

"ரேடியோவுல சொல்லுவாங்களே, மில்லார்ட்," என்றேன் நான்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரேடியோவா? ஆட்டக் கூடத்துக்கு வெளிய, பஸ்ஸுக்குள்ள உக்காந்து முப்பது வருஷம் கூச்சலை மட்டுந்தான் கேட்டேன். இன்னைக்கும் கூச்சலைத்தான் கேக்கணுமா?"

 ஏணியைத் தேடிப் போனேன்.

காய்ந்த பீன்ஸ் கொடியை உரித்தெடுத்துவிட்டு ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்றுவதற்குள் கை விறைத்துவிட்டது. அதை நட்டு வைக்க வேறு கம்பம் இல்லாததால் சாட்டிலைட் தட்டு நிற்கும் கம்பத்திலேயே வைக்கோல் கட்டும் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் குடியிருப்பதுபோல இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒயரைக் கீழே விட்டேன், இர்மா டிவியின் பின்னால் சொருகினாள். சேனலைத் தேடு என்று ரிமோட்டில் டிவிக்குச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

இந்த இடத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து முட்டாளானோம். எங்கள் ஊரில் எல்லோரும் ஆன்டெனா திருப்பித் திருப்பியே வளர்ந்தவர்கள். ஒருவர் கூரையில், ஒருவர் ஜன்னலில். கொஞ்சம் திருப்பு, புள்ளி குறையுது, இன்னும் கொஞ்சம், ஐயோ தாண்டிட்ட, பின்னால வா. அப்படித்தான் படம் பிடிப்போம். அந்த வருஷம் எல்லா நிலையமும் டிஜிட்டலுக்கு மாறியிருந்தது. அதில் புள்ளியும் இல்லை, மங்கலும் இல்லை. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் கறுப்புத் திரை. டிவி சேனலைத் தேடிப் பார்க்கவும் நேரம் வேண்டும், திரையில் ஒரு கோடு நத்தைபோல ஊர்ந்து முடிய வேண்டும். எங்களுக்கு அந்தப் பொறுமை எங்கே?

"வருதா?"

"இல்ல, திருப்பு!"

"இப்ப?"

"ஒண்ணும் இல்ல. வடக்கால திருப்பு!"

"வடக்கால மாடுதான் இருக்கு, இர்மா!"

"அப்ப மாட்டையாவது காட்டட்டும்!"

ஆட்டம் தொடங்க நேரம் நெருங்கிவிட்டது. மில்லார்ட் குழாயை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார், மூச்சு வாங்கியது. "விட்டுடு பொண்ணே, இறங்கி வா, விழுந்து தொலைக்காதே," என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லாததுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தை இர்மாமேல் காட்டினேன். பீன்ஸ் நட வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவள் என் சமையலை இழுத்தாள், என் சில்லியில் உப்பே இருந்ததில்லை என்றாள். இருவரும் கையை வீசி வீசிச் சண்டை போட்டோம். ஆன்டெனாவை யாரும் தொடவில்லை, அந்த நேரத்தில் திரையில் கோடு ஊர்ந்து முடிந்துவிட்டது.

உள்ளே ஜனக்கூட்டத்தின் ஆரவாரம் கேட்டது. எங்கள் பெண்கள் திரையில் வரிசையாக நின்றார்கள். டென்வர் படத்தைவிடத் தெளிவாக இருந்தது என்று மில்லார்ட் பிற்பாடு சத்தியம் செய்தார். சண்டை போட்டதால் வந்த படம் அது.

நாலு செட் நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன், இரண்டு அணிக்கும் ரெண்டு ரெண்டு ஜெயிப்பு. ஐந்தாவது செட்டில் காற்று பிடித்தது. திரை கட்டம் கட்டமாக உடைந்து, பந்து நடுவானில் நின்றுவிட்டது. மில்லார்ட் நாற்காலிக் கையைப் பிடித்தார். நான் மேலே ஓடிப் போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இர்மா உள்ளேயிருந்து "வந்துடுச்சு, அசையாத!" என்று கத்தினாள். அசையவில்லை. கன்னம் மரத்துப்போனது, மூக்கு ஒழுகியது, துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அந்தக் கூரையில் எனக்கு இருந்த சந்தோஷம் லிங்கனில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இருந்திருக்காது. இந்த மனிதர் எங்களுக்காக எத்தனை குளிரில் உட்கார்ந்தார். ஒரே ஒரு செட்டுக்கு என்னால் அவருக்காகக் குளிரில் இருக்க முடிந்ததே!

கடைசியில் தோற்றுப்போனோம், இரண்டே புள்ளியில்.

நான் இறங்கி உள்ளே போனபோது மில்லார்ட் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெண் கதவைத் தாண்டும்வரை பார்த்தார்.

"உங்களைத் திட்டியிருக்கேன்," என்றார் மெதுவாக. "தோத்த அன்னைக்கெல்லாம் பஸ்ஸே அதிர்ற மாதிரி பாடிக்கிட்டு வருவீங்க. எதைப் பத்தியும் கவலை இல்லாத கழுதைங்கன்னு நெனச்சேன். லைட்டைப் போட்டு, வாயை மூடுங்கடின்னு கத்துவேன். இப்பத்தானே பாக்கறேன், எப்படி உழுந்து பொரண்டு ஆடுதுங்க. இப்படி ஆடித் தோத்துட்டு எப்படிடி பாடினீங்க?"

இருபத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "நாங்க அழறது உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் மில்லார்ட். நாங்க அழுதா நீங்க வண்டியை நிறுத்திடுவீங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

 அவர் இர்மாவிடம் கையை நீட்டினார்.

"போனைக் குடு. இப்ப பஸ்ஸை ஓட்டறது ராய்ஸ்தானே? கிளம்பறதுக்குள்ள புடிக்கணும்." எதிர்முனையில் போனை எடுத்ததும் மில்லார்ட் தொண்டையைச் செருமினார். "ராய்ஸ், நான் சொல்றதைக் கேளு. உள்ள இருக்கற லைட்டைப் போடாதே. வழியெல்லாம் பாடிக்கிட்டு வருவாங்க. பாடட்டும், விட்டுடு."